ஒழுகும் கூரையைச் சீர்செய்தல்

மழை நாட்டுக்கு உயிர். ஆயினும், அம்மழை விழவேண்டிய இடம் ஏரியும் குளமும் வயலுமேயன்றி, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் விதைநெல் மூட்டையும் அல்ல. நம் ஊர்களில் தொடக்கப் பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை, சமுதாயக் கூடம், கூட்டுறவுக் கிடங்கு எனப் பல பொதுக் கட்டிடங்கள் எழுந்துள்ளன. அவற்றைக் கட்டுவதில் நாம் காட்டிய ஊக்கத்தை, அவற்றின் கூரையைப் பேணுவதில் காட்டுவதில்லை. திறப்பு விழாவிற்கு மாலையும் தோரணமும் உண்டு. மேல்தளத்தைப் பெருக்குவதற்கென ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை.

கூரை ஒழுக்கில் ஒரு விந்தையான இடர்ப்பாடு உண்டு. மழை பெய்யும்போது அதைச் சீர்செய்ய இயலாது. வெயில் காயும்போது அது நினைவுக்கு வருவதில்லை. இவ்வாறே ஆண்டுகள் பல கழிகின்றன. முதலாண்டில் உள்ளங்கையளவு இருந்த ஈரக்கறை, சில ஆண்டுகளில் சுவர் முழுவதும் பரவுகிறது. பின்னர் பூச்சு உதிர்கிறது. அதன்பின் கம்பி தெரிகிறது. இறுதியில் கட்டிடமே பயன்படுத்தத் தகாதது என்று எழுதி வைக்கப்படுகிறது. ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலையில் முடிந்திருக்க வேண்டிய காரியம், புதுக் கட்டிடம் எழுப்பும் செலவில் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். ஆகவே, தை மாதத்திலிருந்து ஆவணி முடிய உள்ள காலமே கூரை வேலைக்கு ஏற்ற காலம். நீலகிரி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களிலும், மேற்கு மலைத் தொடரையொட்டிய ஊர்களிலும் ஜூன் மாதமே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுவதால், அங்கு மே மாதத்திற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இக்காலத்தில் என்னென்ன செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கூரையில் விழும் நீரின் அளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் நீராகும். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு வகுப்பறைக் கட்டிடத்தின் கூரைப் பரப்பு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லி மீட்டர் மழை பெய்வது நம் கடலோர மாவட்டங்களில் அரிதன்று. அந்நாளில் அக்கூரையின்மீது விழும் நீர் சுமார் 5,600 லிட்டர். இவ்வளவு நீரும் தடையின்றி இறங்கி ஓடுவதற்கு வழி இருக்குமானால், கூரைக்கு ஒரு தீங்கும் இல்லை. வழி அடைபட்டால், நீர் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அது பெரும்பாலும் நம் தலைக்கு மேலேயே அமைந்துவிடும்.

ஆதலின், கூரை பழுது பார்ப்பதில் முதல் விதி இதுவே: நீரைத் தடுப்பதற்கு முன்னர், அதை ஓடச்செய்ய வேண்டும். சமதளக் கூரையில் பத்தடி நீளத்திற்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருத்தல் அவசியம். ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பிற்கு ஒன்று வீதம், 4 அங்குலக் குறுக்களவுள்ள நீர் போக்கிக் குழாய் அமைந்திருக்க வேண்டும். குழாயின் வாய் தளத்தின் மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பல கட்டிடங்களில், பின்னால் பூசிய பூச்சின் காரணமாகத் தளம் தாழ்ந்தும் குழாய் வாய் உயர்ந்தும் இருப்பதைக் காணலாம். அங்கே எத்தனை முறை மருந்து பூசினாலும் ஒழுக்கு நிற்காது.

ஒழுகும் இடத்தைக் கண்டறிதல்

உள்ளே நீர் சொட்டும் இடத்திற்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணுவது பொதுவான தவறு. நீர் ஓரிடத்தில் புகுந்து, கைமரத்தின் வழியாகவோ, ஓட்டின் அடிப்புறமாகவோ, தட்டோட்டிற்கும் காங்கிரீட்டிற்கும் இடையேயோ பல அடி தூரம் ஊர்ந்து சென்று, பின்னரே கீழே விழுகிறது. ஆகவே, கறை தெரியும் இடத்திற்கு மேலே மட்டும் சிமெண்டைப் பூசிவிட்டு இறங்கி வருவதில் பயனில்லை.

முறை இதுதான். மழை பெய்யும்போதே, உள்ளே சொட்டும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, இரு சுவர்களிலிருந்தும் அதன் தூரத்தை அளந்து ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். மழை விட்டபின், அதே அளவுகளை மேல்தளத்தில் குறித்து, அங்கிருந்து உயரமான பக்கம் நோக்கித் தேடிச் செல்ல வேண்டும். தேடும்போது முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: நீர் போக்கியின் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலை, தளத்தைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் அடி, தட்டோடுகளின் இடைவெளி. தளத்தின்மீது தண்ணீர்த் தொட்டி இருக்குமானால், அது வழிந்து கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். மழை இல்லாத நாளிலும் கறை ஈரமாக இருந்தால், குற்றவாளி மழையன்று, தொட்டியோ குழாயோதான்.

நல்ல நிலையிலுள்ள காங்கிரீட் தளத்தில், நீர் போக்கிகளைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரம் நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் வைத்துச் சோதிக்கலாம். ஆனால், மரக்கட்டைகள் தாங்கும் பழைய தளங்களிலும், கம்பி வெளியே தெரியும் தளங்களிலும் இச்சோதனையைச் செய்யவே கூடாது. 100 சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீர் ஏறக்குறைய 236 கிலோ எடை உடையது என்பதை மறத்தலாகாது.

ஓட்டுக் கூரை

மங்களூரில் பாசல் மிஷன் நிறுவனத்தார் 1865ஆம் ஆண்டில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினர். அதன்பின் அவ்வகை ஓடுகள் தென்னாடெங்கும் பரவின. இன்றும் பல பள்ளிகளும் வீடுகளும் இவ்வோட்டின் கீழேயே உள்ளன. ஓட்டுக் கூரையின் சிறப்பு, பழுதான ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்பதாகும்.

ஓட்டுக் கூரை ஒழுகுவதற்குரிய காரணங்கள் சிலவே. ஓடு உடைந்திருக்கலாம், காற்றினாலோ குரங்குகளாலோ இடம் பெயர்ந்திருக்கலாம், முகட்டு ஓடுகளைப் பிணைக்கும் சாந்து விரிந்திருக்கலாம், இரு கூரைகள் கூடும் பள்ளத்தில் இட்ட தகரம் துருப்பிடித்திருக்கலாம், ஓடுகளின் வாய்க்கால்களில் சருகு அடைத்திருக்கலாம். உடைந்த ஓட்டை மாற்றும்போது, மேல் வரிசை ஓட்டைச் சற்றே தூக்கி, பழையதை உருவி, புதியதன் கொக்கி ரீப்பரில் நன்கு பற்றும்படி நுழைக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டுடன் இணைவதில்லை. ஆதலால், கூரை வேயும்போதே அதே அச்சில் ஐம்பது ஓடுகளை வாங்கி, கட்டிடத்தின் ஒரு மூலையில் அடுக்கி வைத்தல் நன்று. வாங்கும்போது ஓட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். நன்கு வெந்த ஓடு மணிபோல் ஒலிக்கும். வேகாத ஓடும் விரிசலுள்ள ஓடும் மந்தமாக ஒலிக்கும்.

முகட்டுச் சாந்து விரிந்திருந்தால், விரிந்த சாந்தின்மேல் புதிய சாந்தை அப்புவதில் பயனில்லை. பழையதை உளியால் எடுத்து, ஓட்டைக் கழுவி நனைத்து, புதிதாகப் பதிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓடுகள் மீண்டும் மீண்டும் நழுவுமானால், குறை ஓட்டில் இல்லை. அதன் கீழுள்ள ரீப்பர் உளுத்திருக்கலாம், அல்லது கைமரம் தொய்ந்திருக்கலாம். அப்போது தச்சரையே அழைத்தல் வேண்டும்.

கூரைமேல் ஏறுவோர் ஏணியையோ பலகையையோ ஓடுகளின்மேல் கிடத்தி, அதன்மேலேயே ஊர்ந்து செல்ல வேண்டும். ஒழுக்கை நிறுத்த ஏறியவர் காலால் பத்து ஓடுகளை உடைத்துவிட்டு இறங்குவது எங்கும் காணும் காட்சி. இடுப்பில் கயிறு கட்டாமல் எவரையும் ஏற்றலாகாது.

மதராஸ் தளம்

பழைய பள்ளிகளிலும், சாவடிகளிலும், பெரிய வீடுகளிலும் தேக்கு மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். இதனையே மதராஸ் தளம் என்பர். நூறாண்டு கடந்தும் நிற்கும் இத்தளங்கள் பல உள. அவற்றைக் கெடுப்பது வயது மட்டுமன்று. அவற்றின் இயல்பை அறியாது செய்யும் பழுதுபார்ப்பும் ஆகும்.

சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் வெளியே விடும் இயல்புடையது; சிறிது நெகிழ்ந்தும் கொடுக்கும். சிமெண்டோ விறைப்பானது. சுண்ணாம்புத் தளத்தின்மேல் சிமெண்டைப் பூசினால், வெயிலில் இரண்டும் ஒருபோல் நீளாமையால், பூச்சு தனியே கழன்று விரிகிறது. விரிசலில் புகுந்த நீர், மேலே ஆவியாக வழியின்றி, கீழே மரத்திற்கு இறங்குகிறது. மரக்கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் அந்த ஈரம் தங்கி, உளுப்பும் கறையானும் பற்றுகின்றன. வெளியே தெரியாத இந்தக் கேடே மிகவும் அஞ்சத்தக்கது.

ஆகவே, சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்பினாலேயே பழுது பார்த்தல் வேண்டும். கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, ஓரங்களைக் கழுவி நனைத்து, இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு நன்கு நீற்றிய சுண்ணாம்பு வீதம் கலந்து இட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். நம் முன்னோர் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தட்டி வந்தனர்; இன்றும் அம்முறையை அறிந்த கொத்தனார்கள் இருக்கின்றனர். அவர்களைத் தேடி அழைப்பதில் தாமதம் நேர்ந்தாலும் பாதகமில்லை.

வேலை தொடங்குமுன், ஒவ்வொரு மரக்கட்டையின் முனையையும் கூரான இரும்பால் குத்திப் பார்க்க வேண்டும். இரும்பு எளிதில் இறங்கினால் மரம் கெட்டுவிட்டது என்பது பொருள். அதன்பின் தளத்தின்மேல் எவரும் ஏறலாகாது. பொறியாளர் வந்து பார்க்கும் வரையில் அறையையும் பூட்டி வைத்தல் வேண்டும்.

காங்கிரீட் தளம்

இன்று கிராமங்களில் எழும் அரசுக் கட்டிடங்களும், வீட்டு வசதித் திட்டங்களில் கட்டப்பெறும் வீடுகளும் பெரும்பாலும் காங்கிரீட் தளம் உடையவை. காங்கிரீட் ஒழுகாது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. காங்கிரீட்டும் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 30 அடி நீளமுள்ள தளம், அதன் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழ 3 மில்லி மீட்டர் நீளுகிறது. நாள்தோறும் நிகழும் இந்த அசைவினால், தளமும் கைப்பிடிச் சுவரும் கூடும் மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. காங்கிரீட் தள ஒழுக்குகளில் பலவற்றிற்கு இம்மூலையே பிறப்பிடம்.

இதைச் சீர்செய்யும் முறை கடினமன்று. விரிசல் நெடுக உளியால் அரை அங்குல ஆழத்திற்கு வாய் அகன்ற பள்ளம் வெட்டி, தூசியைத் துடைத்துக் கழுவ வேண்டும். பின்னர், ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், அவற்றுடன் நீர்க்காப்பு மருந்து கலந்த சாந்தால் நிரப்பி, மூலையைக் கூராக விடாமல் உள்வளைவாக மூன்று அங்குல உயரத்திற்குத் திரட்டி விட வேண்டும். விரிசல் அசையும் தன்மையுடையதாயின், சாந்திற்கு மாறாக, நெகிழும் தன்மையுள்ள அடைப்புப் பசையையே இடுதல் வேண்டும்.

விரிசல் அசைகிறதா, நின்றுவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளிலும் சாந்தால் பதித்து, அருகில் தேதியை எழுதிவிட வேண்டும். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால், விரிசல் இன்னும் வளர்கிறது. கட்டிடத்தின் அடித்தளத்தையும் சேர்த்து ஆராய வேண்டும் என்பது பொருள்.

தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்திருந்தால், காலப்போக்கில் ஓடுகளின் இடைச்சாந்து கரைந்துவிடும். ஓடுகளைப் பெயர்க்காமல், இடைவெளிகளை மட்டும் அரை அங்குலம் சுரண்டி, கழுவி, நீர்க்காப்பு மருந்து கலந்த சிமெண்ட் சாந்தால் நிரப்பினாலே பெரும்பாலும் போதும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் ஓடுகளை மட்டும் எடுத்து மீண்டும் பதிக்கலாம்.

சிமெண்ட் வேலை எதுவாயினும், குறைந்தது ஏழு நாட்கள் அதை நனைத்து வைத்தல் வேண்டும். கோடைக்காலத்தில் ஒரு நாள் காய்ந்தாலும் புதிய பூச்சு வெடித்துவிடும். வைக்கோலையோ சாக்கையோ பரப்பி நனைத்து வைத்தால் நீர்ச் செலவும் குறையும். வயலுக்கு நீர் பாய்ச்சுவதில் முறை தவறாத நாம், புதுப்பூச்சிற்கு ஏழு நாள் நீர் விடுவதில் மட்டும் சோர்வடைதல் ஆகாது.

தளத்தின் விரிசல்களில் அரசும் ஆலும் முளைப்பதுண்டு. செடியின் தலையை ஒடித்துவிட்டால் வேர் இன்னும் வலுப்பெறும். விரிசலைத் திறந்து, வேரோடு எடுத்து, பின்னரே அடைக்க வேண்டும். விரல் நீளம் உள்ளபோதே பிடுங்குதல் எளிது.

தளத்தின் அடிப்புறத்தில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், அதனைச் சாதாரணமாக எண்ணலாகாது. கம்பி துருப்பிடிக்கும்போது, துருவானது மூல இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. அந்த அழுத்தத்தினாலேயே காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. அதன்மேல் சாந்தைப் பூசி வெள்ளையடித்தால், பார்வைக்கு நன்றாயிருக்கும். உள்ளே துரு வளர்ந்து கொண்டேயிருக்கும். முதலில் மேலேயுள்ள ஒழுக்கை நிறுத்த வேண்டும். பிறகு, தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருநீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, தக்க சாந்தால் மூட வேண்டும். கம்பியின் பருமனே குறைந்திருந்தால், அது கொத்தனார் தீர்மானிக்கும் காரியமன்று. பொறியாளரே முடிவு செய்தல் வேண்டும்.

தகரமும் கல்நார்த் தகடும்

தகரக் கூரை பெரும்பாலும் ஆணியிடத்திலேயே ஒழுகுகிறது. திருகாணியின் கீழுள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துவிடும். வளையத்தை மாற்றி அளவாக முடுக்கினால் போதும். மிகையாக முடுக்கினால் தகரம் குழிந்து அங்கேயே நீர் தேங்கும். நெளிவுத் தகட்டில் ஆணி எப்போதும் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்த ஆணி ஒழுகியே தீரும். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஆறு அங்குலமாவது படிந்திருக்க வேண்டும். துருப்பிடித்த துளையைச் சிமெண்டால் அடைப்பது வீண். வெயிலில் தகரம் விரியும்போது அது கழன்று விழும். தகரத் துண்டையே பசையிட்டுப் பொருத்த வேண்டும்.

கல்நார்த் தகடுகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் நுண்ணிய இழைகள் மூச்சுடன் உட்சென்றால், பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் விளையக்கூடும். ஆகவே, அத்தகட்டை அறுப்பதும், துளையிடுவதும், உடைப்பதும், உலர்ந்த துடைப்பத்தால் தேய்ப்பதும் கூடாது. இன்றியமையாது கையாள நேர்ந்தால், நீரால் நனைத்து, முகத்திற்குத் தக்க காப்பணிந்து கையாளவேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது. பழைய தகடுகள் நொறுங்கும் இயல்புடையன. அவற்றின்மேல் நேராகக் கால் வைத்தல் உயிருக்கே ஆபத்து. கூரையை மாற்றும் வாய்ப்பு வரும்போது, வேறு பொருளையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

மேன்மேலும் பூசுவதால் வரும் கேடு

ஒழுகும்தோறும் பழைய தளத்தின்மேல் புதிய தளம் இடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. மூன்று அங்குலச் செங்கல் ஜல்லித் தளம், 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன் எடை உடையது. 20 அடிச் சதுரமான ஒரு வகுப்பறையின் மீது அவ்வாறு ஒரு முறை இட்டால், குழந்தைகளின் தலைக்கு மேல் ஐந்து டன் பாரத்தைப் புதிதாக ஏற்றுகிறோம். அக்கூரையைக் கட்டியவர்கள் அப்பாரத்தைக் கணக்கிட்டிருக்கவில்லை. கம்பியும் மரமும் ஈரத்தால் வலுவிழந்திருக்கும் வேளையில் பாரத்தை மட்டும் கூட்டுவது தகுமா? புதிதாக இடவேண்டின், கெட்ட பழைய அடுக்கை முதலில் அகற்றுதல் வேண்டும். இவ்விதியில் விலக்கு இல்லை.

ஒழுகும் கட்டிடத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்து மழைக்காலத்தைக் கழிப்பதும் சில ஊர்களில் உண்டு. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி, 94 குழந்தைகள் மாண்டதை நாடு மறக்கவில்லை. குழந்தைகள் இருக்கும் எந்தக் கட்டிடத்திலும் கீற்றை ஏற்றலாகாது.

பழுது பார்க்கக் கூடாத கட்டிடம்

எல்லாக் கூரையையும் காப்பாற்றிவிட முடியாது. தளம் நடுவில் தொய்ந்திருத்தல், கம்பி நெடுக விரிசல் ஓடுதல், காங்கிரீட் கட்டிகளாக விழுதல், மரக்கட்டையின் முனை நசுங்குதல், முன்பு எளிதாக மூடிய கதவு திடீரென இறுகுதல் ஆகியவை கட்டிடம் தளர்ந்துவிட்டதைக் காட்டும் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அன்றே அறையைக் காலி செய்து பூட்டி, ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. ‘இந்த ஆண்டு மட்டும் ஓட்டிவிடலாம்’ என்று ஒரு மன்றம் எடுக்கும் முடிவின் விலை எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இடிக்கத் தக்கதை இடிக்கச் சொல்வதும், காக்கத் தக்கதைக் காலத்தே காப்பதும் ஆகிய இரண்டும் மன்றத்தின் பொறுப்பேயாகும்.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

வீட்டிலும் களஞ்சியத்திலும் ஒழுக்கு ஏற்பட்டால், முதலில் சேதமடைவது தானியமே. நெல்லைச் சேமித்து வைக்க அதன் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படலாகாது. ஒழுக்கினால் ஒரு மூட்டை நனைந்தால், அதிலிருந்து கிளம்பும் சூடும் பூஞ்சணமும் அடுத்த மூட்டைகளுக்கும் பரவும். விதைநெல்லாயின் முளைப்புத் திறனே போய்விடும்.

மழை நடுவே ஒழுக்கு தோன்றினால், மூட்டைகளைப் பலகையின்மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைத்து, தார்ப்பாயால் மூடுங்கள். மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்துக் காற்றோட விடுங்கள். மூடியே வைத்தால் உள்ளே வேர்த்துவிடும். கூரைமேல் தார்ப்பாய் விரிப்பதாயின், அதன் மேல் விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்குமாறு விரிக்க வேண்டும். இல்லாவிடில் நீர் அதன் அடியிலேயே புகும். மின் கம்பி செல்லும் இடத்தில் நீர் கசிந்தால், முதன்மை விசையை அணைத்த பிறகே மற்ற வேலை. மழையிலும் இருட்டிலும் கூரைமேல் ஏறலாகாது.

ஊராட்சி செய்யத் தக்கவை

ஊராட்சி உறுப்பினர்கள் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்வார்களாயின், பெரும் பணம் மிச்சமாகும்.

முதலாவது, கூரைப் பதிவேடு ஒன்று வைத்தல். ஊரிலுள்ள ஒவ்வொரு பொதுக் கட்டிடத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கட்டிய ஆண்டு, கூரையின் வகை, ஒழுகும் இடம், செய்த வேலை, செய்தவர், அதற்கடுத்த முதல் மழையில் கண்ட நிலை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஓரிடத்திற்கே மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செலவு எழுதப்பட்டிருக்குமாயின், செய்த முறையில் குறை உள்ளது என்பதை அப்பக்கமே எடுத்துக் காட்டும்.

இரண்டாவது, காலம் குறித்தல். ஆண்டுதோறும் நடைபெறும் கிராமசபைக் கூட்டங்களில், ஜனவரி 26ஆம் நாள் கூட்டத்தில் அவ்வாண்டு மழையில் கண்ட பழுதுகளைப் படித்து, வேலைகளைத் தீர்மானிக்கலாம். மே 1ஆம் நாள் கூட்டத்தில் வேலையின் முன்னேற்றத்தைக் கேட்கலாம். ஆகஸ்டு 15ஆம் நாள் கூட்டத்தில் முடிந்த வேலையை மக்கள் முன் அறிவிக்கலாம். பள்ளியில் பயிலும் குழந்தைகளின் பெற்றோரும், அங்கன்வாடிப் பணியாளரும் சொல்லும் குறைகளை அக்கூட்டத்தில் பதிவு செய்தல் இன்றியமையாதது. ஒழுக்கை முதலில் காண்பவர்கள் அவர்களே.

மூன்றாவது, வேலையைக் கண்ணால் பார்த்தல். பழைய பூச்சு எடுக்கப்பட்டதா, விரிசல் கழுவப்பட்டதா, சரிவு ரசமட்டத்தால் சோதிக்கப்பட்டதா, ஏழு நாள் நீர் விடப்பட்டதா என்பவற்றை உறுப்பினர் ஒருவர் நேரில் கண்டு கையெழுத்திட வேண்டும். பூசி முடித்த பின்னர் பார்த்தால், நல்ல வேலைக்கும் தீய வேலைக்கும் வேற்றுமை தெரியாது.

நான்காவது, துப்புரவு. புரட்டாசி முடிவதற்குள் எல்லாத் தளங்களையும் பெருக்கி, குழாய்களைக் குத்திவிட்டு, கூரைமேல் கவிந்த மரக்கிளைகளை வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நீர் போக்கியின் வாயைப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு துடைப்பமும் ஒரு கூடையுமே தேவை. பழைய மேசை நாற்காலிகளையும் உடைந்த பலகைகளையும் மேல்தளத்தில் குவிக்கும் வழக்கத்தையும் ஒழிக்க வேண்டும். அவற்றின் அடியில்தான் சருகு சேர்ந்து நீர் தேங்குகிறது.

ஐந்தாவது, இறங்கும் நீரைப் பயன்படுத்தல். தமிழ்நாட்டில் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. கூரைக் குழாய் நேரே சுவரோரம் நீரைக் கொட்டினால், அடித்தளம் இளகும். அதனாலும் சுவரும் தளமும் விரியும். அந்நீரைக் குழாய் வழியே சேகரிப்புக் குழிக்கு இட்டுச் சென்றால், அடித்தளமும் காக்கப்படும். ஊர்க் கிணற்றிலும் நீர் ஊறும்.

கட்டிடம் கட்டுவது ஒருமுறை செய்யும் அறம். அதைக் காப்பது ஆண்டுதோறும் செய்யும் அறம். மழைக்கால மாலையில் வகுப்பு கலைக்கப்படாமல் நடப்பதும், குழந்தையின் புத்தகம் நனையாதிருப்பதும், கிடங்கிலிருந்து நியாயவிலைக் கடைக்கு வரும் அரிசி கெடாதிருப்பதும் ஆகிய இவை விழா எடுத்துக் கொண்டாடப்படுவதில்லை. ஆயினும், ஓர் ஊராட்சி நன்கு நடைபெறுகிறது என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேறில்லை. இவ்வாண்டு மழைக்கு முன்னர், உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வார்டிலுள்ள பொதுக் கட்டிடத்தின் கூரையை, ஏணியிட்டு ஒருமுறையேனும் ஏறிப் பார்த்தறிவார்களாக.